சேசிஸ் நம்பரில் வருடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? – கேள்வி பதில்

பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் தொழில். சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் பாடியில் பஞ்ச் அடித்திருக்கும் அடையாள எண், பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: முழு நம்பரையும் இங்கே போடாதீர்கள். கடைசி ஆறு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

கோவை: ஐ20 ஒன்று பார்த்தேன். 2016 என்கிறார் விற்பவர். நம்பரில் 'எம்' இருக்கிறது. எம் என்றால் 2021 தானே?

இடத்தை மாற்றி எண்ணிவிட்டீர்கள். மொத்தம் 17 இலக்கம். முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் காட்டும்: எம்ஏஎல் என்றால் ஹூண்டாய் இந்தியா, எம்ஏ3 மாருதி. வருடம் பத்தாவது இடத்தில் இருக்கும். நீங்கள் பார்த்த எம் பதினொன்றாவது, அது சென்னை ஆலையின் குறி. அதற்கு முன்னால் 'ஜி' இருந்தால் 2016, விற்பவர் சொன்னது சரி.

வரிசை இதுதான்: 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010-க்கு ஏ, 2011-க்கு பி, அப்படியே போகும். ஐ, ஓ, க்யூ மூன்றும் சேசிஸ் நம்பரிலேயே வராது, 1, 0 என்று குழம்பும் என்பதால். வருடக் குறியில் யு, இசட், 0 மூன்றும்கூடக் கிடையாது. அதனால் எச் 2017, அடுத்த ஜே 2018. என் 2022, அடுத்தது பி 2023.

இங்கேதான் வம்பு. ஃபோனில் "பி" என்பார்கள். பஸ் பி-யா, பேனா பி-யா? பஸ் என்றால் 2011, பேனா என்றால் 2023. 'டி'யும் அப்படித்தான், 2013-க்கும் 2026-க்கும் ஒரே உச்சரிப்பு. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ வாங்கிப் பாருங்கள்.

திருச்சி: 'எல்' எந்த வருடம்?

2020.

யாழ்ப்பாணம்: வேகன் ஆர், எம்எச்55எஸ் என்று தொடங்குகிறது. 17 இலக்கம் வரவில்லை. போலியா?

போலி இல்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த வண்டிக்கு மாடல் குறி, ஒரு கோடு, அப்புறம் வரிசை எண், அவ்வளவுதான். வருட எழுத்து அதில் கிடையாது. ஏற்றுமதிச் சான்றிதழில் ஜப்பானில் முதல் பதிவான மாதம் இருக்கும், அதைக் கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் தைத்த லேபிளில் பெரும்பாலும் தேதி இருக்கும். வண்டி 2018 என்று சொல்லி பெல்ட் 2020 காட்டினால், பெல்ட்டை ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

லண்டன்: என் மெர்சிடிஸில் பத்தாவது இலக்கம் 2. அப்போது 2002 மாடலா?

இல்லை. ஐரோப்பியச் சந்தை மெர்சிடிஸில் அந்த இடத்தில் 1 என்றால் ஸ்டீயரிங் இடப்பக்கம், 2 என்றால் வலப்பக்கம். பத்தாவதில் வருடம் இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எல்லா நாட்டிலும் இல்லை.

நியூ ஜெர்சி: அமெரிக்கக் காரில் 'ஏ' என்றால் 1980-ஆ, 2010-ஆ?

முப்பது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். கார் என்றால் ஏழாவது இடத்தைப் பாருங்கள்: எண் இருந்தால் பழைய சுற்று, எழுத்து இருந்தால் 2010-க்குப் பிறகு. ஆனால் அங்கே அது 'மாடல் ஆண்டு'. 2022 ஆகஸ்டில் கட்டிய காருக்கு 2023 குறி போடலாம்.

சேலம், கார் புரோக்கர்: பாருங்கள், அமெரிக்காவிலேயே அப்படி! நானும் 2022 டிசம்பரில் தயாரித்து 2023 ஜனவரியில் பதிவான காரை '2023 மாடல்' என்றுதான் விற்கிறேன். பதிவு செல்லுபடியாகும் 15 வருடமும் பதிவுத் தேதியிலிருந்துதானே கணக்கு?

15 வருடம் பதிவுத் தேதியிலிருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் அந்தக் குறியைப் போடுவது கம்பெனி. இங்கே போடுவது நீங்கள். நம் ஊரில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டு. மோட்டார் வாகன விதி 122 சேசிஸ் நம்பரில் மாதத்தையும் கேட்கிறது. அந்த மாத எழுத்தின் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், தயாரிப்பு மாதம் தனி, பதிவுத் தேதி தனி.

சேலம், மறுபடி: வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம்? வண்டி அதேதான்.

முதல் ஓனர் ஷோரூமில் வருடக்கடைசித் தள்ளுபடி வாங்கினார். ஏன் கொடுத்தார்கள்? பழைய வருட ஸ்டாக் என்பதால். வாங்கும்போது 2022 என்று தள்ளுபடி, விற்கும்போது 2023 என்று விலை. நடுவில் உள்ள பணம் யாருடையது?

மதுரை: இரண்டு பேரும் சொல்வது சரிதான். "12/2022 தயாரிப்பு, 01/2023 பதிவு" என்று விளம்பரத்தில் இரண்டையும் எழுதிவிட்டால் என்ன?

அதைத்தான் எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன். சேலத்து அண்ணன் எழுதுவாரா, கேளுங்கள்.

சேலம்: எழுதினால் ஃபோனே வராது சார்.

பதில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

வேலூர்: 'எச்' எந்த வருடம்?

மேலே.

தஞ்சாவூர்: 'ஜே' 2019-ஆ?

2018. கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: சார், என் முழு நம்பர் இதோ, வருடம் சொல்லுங்கள்.

நம்பரை அழித்துவிட்டேன். அதை வைத்து உங்கள் வண்டிக்கு அதே நம்பரில் ஒரு போலி இரட்டை வண்டி தயார் செய்ய ஆள் இருக்கிறது. பத்தாவது எழுத்து 'கே', 2019. பானட்டைத் திறந்து, பாடியில் பஞ்ச் அடித்த நம்பரும் ஆர்.சி.யும் ஒன்றா என்று பாருங்கள். பஞ்ச் அடித்த இடத்தைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாகப் பளபளத்தால், வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.