எம்.எஸ். நீலம் எந்த நீலம்? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துணிமணி பற்றியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிடித்த நிறம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தக் காலத்து முகம் ஒன்று இருக்கிறது. அந்த ஆசையைக் காட்டி யாரோ எதையோ விற்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: சிறு வயதிலிருந்தே எனக்கு நீலம்தான். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எம்.எஸ். நீலத்தில் பட்டுப் புடவை எடுக்கப் போனேன். மூன்று கடையில் மூன்று நீலம் காட்டினார்கள். ஒன்று மயில் கழுத்து, ஒன்று கடல் நீலம், இன்னொன்று கிட்டத்தட்ட நேவி ப்ளூ. எது சரியானது? – திருச்சி வாசகி

பதில்: மூன்று கடைக்காரர்களும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலத்துக்கு வந்த பெயர் அது. பெயிண்ட் அட்டையில் இருப்பதுபோல அதற்கு எண் எதுவும் கிடையாது. சாயப் பட்டறைக்குப் பட்டறை, தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறும். பழைய படத்தைக் கைபேசியில் காட்டி "இதே கலர்" என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தின் நிறம் எப்போதோ மங்கியிருக்கும், திரை அதை இன்னும் மாற்றும். உங்கள் மனதில் இருக்கும் நீலத்தில் ஒரு பழைய ரவிக்கைத் துண்டோ ரிப்பனோ கையோடு கொண்டு போங்கள்.

பகலில் போங்கள். இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு இதே நீலம் தேடி இரவு எட்டரை மணிக்கு ஒரு கடைக்குப் போனேன். கடை முழுக்க வெள்ளை ட்யூப் லைட். அந்த வெளிச்சத்தில் சிவப்பு குறைவு என்பதால் ஊதா கலந்த துணிகூட நல்ல நீலமாகத் தெரியும். மறுநாள் காலை வீட்டுத் திண்ணையில் பிரித்தால், முழுக் கத்தரிப்பூ. 11,200 ரூபாய். துணியில் குறை ஒன்றும் இல்லாததால் மாற்றித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வழியில்லை. மஞ்சள் விளக்குப் போட்ட கடையில் இதற்கு நேர்மாறு நடக்கும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஜரிகையும் ஜொலிக்கும், நீலம் செத்துப்போகும். புடவையைக் கடை வாசல்வரை எடுத்துப் போய்ப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடையில் ஒரு பையனைக் கூடவே அனுப்புவார்கள்.

மயில் கழுத்து பற்றி ஒன்று. பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒரு நிறமும் ஊடை, அதாவது குறுக்கு நூல், வேறொரு நிறமுமாக நெய்வது அது. நீங்கள் நடக்க நடக்க நிறம் மாறும். ஒரே நீலம்தான் வேண்டும் என்றால் அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு 18,000 ரூபாய்க்குப் புடவை எடுத்தோம். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் வாங்கவில்லை. இப்போது மணப்பெண்ணுக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா? – சேலம் வாசகர்

பதில்: முடியாது. பிடிக்காமல் போவது பொருளின் குறை அல்ல. பில்லை வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள்தான். உடுத்தப் போகிறவரை ஏன் கடைக்கு அழைத்துப் போகவில்லை?

கேள்வி: எனக்கு 67 வயது. சாவித்திரியின் படங்களைப் பார்த்து வளர்ந்தவள். வாட்ஸ்அப்பில் ஒரு பெண், "சாவித்திரி அம்மா காலத்து டிசைன், சுத்தப் பட்டு" என்று படம் அனுப்பினாள். பென்ஷன் பணத்தில் 6,500 ரூபாய் அனுப்பினேன். வந்தது வழவழவென்று ஏதோ துணி. கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டாள். மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. – தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிடித்த ஒருவரைப் போல உடுத்த ஆசைப்பட்டது தவறா? அந்த ஆசையைப் பார்த்து வலை விரித்தவள்தான் வெட்கப்பட வேண்டும். இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். அடுத்து செய்ய வேண்டியவற்றுக்கு அவர் துணை தேவைப்படும்.

அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். "சுத்தப் பட்டு" என்று அவள் எழுதிய வரி, பணம் போன விவரம், பார்சல் உறை, புடவை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். பிளாக் செய்து ஓடியவள் என்பதால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். இதில் நாள் கடத்தக் கடத்தப் பணம் கை மாறிக்கொண்டே போகும். அப்புறம் 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அவளுடைய பெயரும் முகவரியும் தெரிந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பட்டு அல்லாததைப் பட்டு என்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. விற்றவள் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இணையவழியிலும் கொடுக்கலாம், அதை மகன் பார்த்துக்கொள்வார். என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: ஆர்ட் சில்க், செமி சில்க், வாழைப்பட்டு, லிச்சி சில்க் – இதில் எது நல்ல பட்டு? விலை 900 ரூபாய்தான் வருகிறது. – கோவை வாசகி

பதில்: எதுவுமே பட்டு இல்லை. இந்தச் சொற்களைப் பற்றிப் பல வருடமாக எனக்கு ஆற்றாமை உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

பட்டு என்பது பட்டுப்புழு கூட்டிலிருந்து எடுக்கும் நூல். வேறு எதற்கும் அந்தப் பெயர் பொருந்தாது. ஆர்ட் சில்க்கில் உள்ள "ஆர்ட்" கலை என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? ஆர்டிஃபிஷியல் என்பதைத்தான் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயானுக்கு ஒரு காலத்தில் வைத்த பெயர், இன்று பாலியெஸ்டருக்கும் ஓடுகிறது. வாழைநாரில் நிஜமாகவே துணி நெய்ய முடியும், அதற்கென்று அழகும் உண்டு. அது செடி நார், பட்டு அல்ல. 900 ரூபாய்க்கு "வாழைப்பட்டு" என்று வருவதில் பலவற்றில் வாழையும் இருக்காது. செமி சில்க்கில் எத்தனை சதவீதம் சில்க் என்று கேட்டுப் பாருங்கள், விற்பவருக்கே பதில் தெரியாது.

பாலியெஸ்டர் புடவை கட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. துவைக்க எளிது, பஸ்ஸில் கசங்காது. அதைப் பாலியெஸ்டர் என்று சொல்லி விற்கட்டும். பட்டின் பெயரை அதற்கு ஒட்டுவதால் ஏமாறுபவர் நீங்கள் மட்டுமல்ல. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் உட்கார்ந்து நாட்கணக்கில் நெய்கிறவரிடம் போய், "அங்கே 900 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று பேரம் பேச வைக்கிறது இந்தப் பெயர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? முந்தானை ஓரத்தில் இரண்டு நூல் எடுங்கள். பாவு நூல் தனியாக, ஊடை நூல் தனியாக. பாவில் மட்டும் பட்டு வைத்து ஊடையில் பாலியெஸ்டர் ஓட்டுகிறவர்கள் உண்டு. இரண்டையும் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல நிற்கும்.

லேபிள்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க், நூல் பட்டுதான் என்பதற்கு மட்டும் சான்று. அது கைத்தறியா என்று சொல்லாது, அதற்குக் கைத்தறி முத்திரை தனி. ஜரிகைக்கு இரண்டுமே பொறுப்பில்லை. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. விலை கூடிய புடவைக்கு ஜரிகைப் பரிசோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். பெரிய கடைகள் பலவற்றில் அதற்குக் கருவி இருக்கிறது. பில்லில் "சாரி – 1" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "சுத்தப் பட்டு, அசல் ஜரிகை" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டியின் அறுபது வருடப் பட்டுப் புடவை இருக்கிறது, அரக்கில் மாம்பழ பார்டர். வாசலில் வந்த பழம்புடவைக்காரர் 3,000 தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, கட்டலாமா? – காரைக்குடி வாசகி

பதில்: வாசலில் வருபவரிடம் கொடுக்காதீர்கள். அவர் வாங்குவது ஜரிகையில் உள்ள வெள்ளியை. உருக்கிவிடுவார். அதில் எவ்வளவு வெள்ளி என்று உங்களுக்குத் தெரியாத வரையில் அவர் சொன்னதுதான் விலை.

கட்டுவதற்கு முன் மடிப்புகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் விடும். இப்படிப் பார்க்காமல், பழம்புடவை விற்கும் ஒருவரிடம் இணையத்தில் 9,000 ரூபாய்க்கு நான் ஒன்று வாங்கினேன். இரண்டாம் முறை கட்டும்போது இடுப்பு மடிப்பில் நீளமாகக் கிழிந்தது. பார்டரும் முந்தானையும் மட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. உங்களுடையது தாங்கும் என்றால் கட்டுங்கள். பாட்டி கட்டியதைக் கட்டுவதற்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்று கிடைக்காது. பிளாஸ்டிக் உறை வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

கேள்வி: ஐம்பதுகளின் கதாநாயகிகள் போட்ட பஃப் கை ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். கை இரண்டும் இரண்டு அளவு. தையல்காரர் "துணி அப்படி" என்கிறார். – நாகர்கோவில் வாசகி

பதில்: துணி அப்படி இல்லை, வெட்டியது அப்படி. கூலி வாங்கிச் செய்த வேலையில் குறை இருந்தால் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் துணி விலையோடு கூலியைத் திருப்ப வேண்டும். ரசீது வைத்திருந்தால் 1915இல் சொல்லுங்கள். அடுத்த முறை அளவு ரவிக்கையோடு கையின் மாதிரிப் படத்தையும் கொடுத்து, ரசீதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கறுப்புச் சட்டைதான் பிடிக்கும். ஒவ்வொன்றும் நாலு துவைப்பில் சாம்பலாகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா? – ஈரோடு வாசகர்

பதில்: நிற்காது. சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் இல்லை. கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் உள்தையலைத் தேய்த்துப் பாருங்கள், கறை வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள்.

கேள்வி: அறுபதுகளின் நடிகைகள் போட்ட பூனைக்கண் ஃப்ரேம் கூலிங் கிளாஸ் சாலையோரத்தில் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. நல்ல கறுப்புக் கண்ணாடி. தினமும் ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு போகிறேன். சரிதானே? – மதுரை வாசகி

பதில்: சரியில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணை விட மோசம். இருட்டென்று நினைத்துக் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும். ஃப்ரேம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது அல்லவா, அதையே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் கொடுத்து, யூவி 400 லென்ஸ் அதில் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் மாற்றிப் போட்டுக்கொண்டு போங்கள், அதுவரை வேறு கண்ணாடி.