அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

ஆலோசகர் அவர்களுக்கு,

நான் வேலைக்குப் போகும் பெண். இன்னும் திருமணம் ஆகவில்லை, பெற்றோரோடுதான் இருக்கிறேன். போன வருடம் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்குப் பிறகு அப்பா என்னிடம் பேசுவதில்லை. அம்மா பேசுகிறார், ஆனால் எதை ஆரம்பித்தாலும் அழுகையில்தான் முடிகிறது. அண்ணன் என் வேதாகமத்தைக் கிழித்துப் போட்டார். ஆராதனைக்குப் போகவிடாமல் அறையில் வைத்துப் பூட்டியும் இருக்கிறார்.

சபையில் இதைச் சொன்னால் எல்லாரும் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி, "சந்தோஷப்பட்டு, களிகூருங்கள்" என்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லையே! அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகிறது. இப்போது போதகர், உபத்திரவத்தில் மகிழ்ச்சியாக இருப்பதைப் பற்றி என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார். என் விசுவாசத்தில்தான் கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

கோளாறு எதுவும் இல்லை. பெற்ற அப்பா முகம் கொடுத்துப் பேசாவிட்டால் யாருக்கும் துக்கம் வரும். நீங்களோ துக்கப்படவே கூடாது என்ற குற்ற உணர்வையும் அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். முகத்தில் காட்டாமல் மறைப்பதால் துயரம் குறைவதில்லை. மறைக்கிற வேலையில் உடம்புதான் இறுகிப்போகிறது.

களிகூரச் சொன்ன அதே இயேசு, பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாகச் சீஷர்களிடம் சொல்லி, கூட விழித்திருக்கும்படி கேட்டார். ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுலும் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதைக் கொரிந்து சபையாருக்கு மறைக்காமல் எழுதினார். உங்களுக்கு வசனம் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கங்களையும் சேர்த்துக் காட்டியிருக்கலாம்.

பெர்பெத்துவா என்ற இளம் தாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். சிறையில் நடந்ததை அவரே சொல்வதாக உள்ள குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அதில் அவர் வீராங்கனைபோலத் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. இருட்டும் புழுக்கமும் பயமாக இருந்தது என்கிறார். பால் குடிக்கும் குழந்தையை நினைத்துத் தவிக்கிறார். விசுவாசத்தை விட்டுவிடும்படி அப்பா திரும்பத் திரும்ப வந்து கெஞ்சுகிறார். பெர்பெத்துவா இணங்கவில்லை, ஆனால் அந்த முதியவருக்காக வருந்துகிறார். உறுதியும் வருத்தமும் ஒரே மனத்தில் இருந்தன.

சந்தோஷம் வந்த இடத்தையும் பாருங்கள். சபையின் உதவிக்காரர் இருவர் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் கொஞ்சம் நல்ல இடத்தில் இருக்க வைத்தார்கள். அப்புறம் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதன் பிறகு சிறை தனக்கு மாளிகையாகிவிட்டது என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைத்த மகிழ்ச்சி இல்லை அது. மனிதர்கள் அருகில் வந்தார்கள், அதோடு அதுவும் வந்தது.

ஆகவே நானும் உங்களைச் சந்தோஷப்படச் சொல்லப்போவதில்லை. சபையில் ஒருவரையோ இருவரையோ தேர்ந்துகொள்ளுங்கள். "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால் உடனே வசனத்தைத் தேடாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக இருக்கட்டும். (இப்படிப்பட்டவர் பெரும்பாலும் மேடையில் இருக்கமாட்டார்.) போதகரிடம், "இப்போது என்னால் முடியாது ஐயா, எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சாட்சியைத் தள்ளிப்போடுவது பாவம் ஆகாது.

அண்ணன் அறையில் பூட்டுவது வேறு விஷயம். அதைச் சிலுவை என்று நினைத்துச் சும்மா பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுதான். பவுலும் சவுக்கடிக்கு முன் தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி அதைத் தடுத்தார். நம்பகமான ஒருவரிடம் நிலைமையை இப்போதே சொல்லி வையுங்கள். சான்றிதழ்கள், வங்கி அட்டை, கைபேசி உங்கள் கையில் இருக்கட்டும். அவசரத்துக்குத் தங்க ஓர் இடத்தையும் பேசி வையுங்கள். கை நீட்டினால் வெளியேறுங்கள், சட்ட உதவியும் கேளுங்கள்.

அம்மாவின் அழுகையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மகளை இழந்துவிட்டோமோ என்ற பயம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது. கொஞ்ச நாளைக்கு அவரிடம் மதம் பேசவே வேண்டாம். சமையலறையில் கூட நின்று பழைய கதைகளைப் பேசுங்கள். நீங்கள் அவருடைய மகளாகத்தான் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு நாளாகலாம். அவர் மாறுவார் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தூக்கமின்மைக்கு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஜெபக்கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.