அக்ரஹாரவில் உளச்சிகிச்சைச் செலவைக் கோரலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் அரச பாடசாலை ஆசிரியை. அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவுக்கு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். கடும் மனச்சோர்வினால் என் கணவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநல வாட்டில் 11 நாள் இருந்தார். வீட்டுக்கு வந்தபின் தனியார் உளவியலாளர் ஒருவரிடம் 14 தடவை போனார். ஒரு தடவைக்கு 4,000 ரூபா. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்த விண்ணப்பத்தை, "மனநோய்க்கெல்லாம் தரமாட்டாங்க" என்று சொல்லி அலுவலகத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா? அவருடைய ஆயுள் காப்புறுதியில் கேட்கலாமா? நோயின் பெயர் அதிபருக்குத் தெரியவருமே என்ற பயமும் இருக்கிறது.

பதில்: வழக்கைப் பற்றி யோசிக்க இன்னும் நேரம் வரவில்லை. உங்கள் கோரிக்கையை இதுவரை யாரும் நிராகரிக்கவில்லை. அக்ரஹாரவை நடத்துவது 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். தருவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியது அந்த நிதியம்தான். அலுவலகத்தில் அந்த விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரின் வேலை விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்புவது. மேசையில் வாயால் சொன்ன "இல்லை"க்கு எதிராக எந்த மேன்முறையீடும் எழுத முடியாது. ஆகவே கடிதத்துடன் மீண்டும் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் வலயக் கல்விப் பணிப்பாளரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே கட்டை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதில் இரண்டு வெவ்வேறு கோரிக்கைகள் கலந்து கிடக்கின்றன. வாட்டில் தங்கிய 11 நாள் ஒன்று. வெளியே கட்டிய 56,000 ரூபா இன்னொன்று. முதலாவது பலமானது, இரண்டாவது பலவீனமானது. சேர்த்துக் கொடுத்தால் பலவீனமானது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்.

அக்ரஹார அடிப்படையில் மருத்துவமனையில் தங்குவதற்கான காப்புறுதி. அரச மருத்துவமனையின் கட்டணமற்ற வாட்டில் இருந்த நாட்களுக்கும் ஒரு நாட்கொடுப்பனவு உண்டு. "மனநோய்க்கு இல்லை" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: உங்கள் கணவர் அனுமதிக்கப்பட்ட திகதியில் நடைமுறையிலிருந்த அக்ரஹாரச் சுற்றறிக்கையில் எந்தப் பந்தி அப்படிச் சொல்கிறது? பந்தி இலக்கம் எழுத்தில் வரட்டும்.

இந்தக் கோரிக்கை சட்டத்தால் தோற்பதைவிடக் கடதாசியால் தோற்பதே அதிகம். டயக்னோசிஸ் காட்டில் (வாட்டிலிருந்து வெளியேறும்போது நோய் விபரம் எழுதித் தரும் அட்டை) அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, வாட்டு இலக்கம், வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் நான்கும் வேண்டும். மனநல வாட்டுகளில் சில வேளை கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது போதாது. காட் இல்லையென்றால் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் அனுமதித்த திகதியையும் கட்டில் தலைச்சீட்டு (வாட்டில் நோயாளியின் சிகிச்சையைப் பதியும் தாள்) இலக்கத்தையும் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஓர் எழுத்து முறையிலும் காட்டில் வேறு முறையிலும் முதலெழுத்துகள் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஆஸ்பத்திரியில் திருத்தி முத்திரை குத்தி வாங்குங்கள், நீங்களே பேனாவால் திருத்திவிடாதீர்கள். விவாகச் சான்றிதழ்ப் பிரதி, அந்த மாதச் சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றையும் இணையுங்கள். மூலப்பிரதிகள் கையைவிட்டுப் போகுமுன் ஒரு செட் போட்டோக் கொப்பி உங்களிடம் இருக்க வேண்டும்.

அந்த 14 அமர்வுகளும் வெளிநோயாளியாகச் சென்று கட்டிய காசு. அதனால்தான் சிக்கல், மனநோய் என்பதால் அல்ல. முதுகுவலிக்கு வெளியே போய்ப் பிசியோதெரபி செய்திருந்தாலும் இதே கேள்விதான் எழும். தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அந்தக் காசை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். கேட்பதானால் மனநல வைத்திய நிபுணர் உளச்சிகிச்சைக்கு அனுப்பிய கடிதமும், உளவியலாளரின் தகைமை, பதிவு விபரம், அமர்வுத் திகதி என்பன உள்ள பற்றுச்சீட்டுகளும் தேவை. வெறுந்தாளில் எழுதித் தந்த துண்டுகளுக்குப் பெறுமதியில்லை. பில் எடுப்பதற்காக ஒரு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் "படுத்து எழும்பு" என்று புத்தி சொல்வோர் இருப்பார்கள். அது பொய்க் கோரிக்கை. குற்றவியல் வழக்கும் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் கீழ் ஒழுக்காற்று விசாரணையும் சேர்ந்து வரும்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிதியத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள். பொருந்தும் சுற்றறிக்கையின் பிரதியையும் உங்கள் கோரிக்கையின் நிலையையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

வாட்டு நாட்களை மனநோய் என்ற ஒரே காரணத்துக்காக எழுத்தில் மறுத்தால், அங்கே சட்டப் பிரச்சினை உண்மையிலேயே இருக்கிறது: அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் சமத்துவம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதமும் கையில் இருக்கட்டும். 56,000 ரூபாவுக்காக மட்டும் கொழும்புக்கு வழக்கெடுத்துப் போவதை நான் சொல்லமாட்டேன். செலவு அதைத் தாண்டிவிடும்.

இனிமேல் வரும் அமர்வுகளுக்குக் காசு கட்டுமுன், உங்கள் கணவர் போகும் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் உளச்சிகிச்சைக்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம். பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரும் கட்டணம் வாங்குவதில்லை. அந்த உத்தியோகத்தரின் உதவி பயன்படும், ஆனால் கடும் மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு அது மாற்றாகாது. இரவில் நிலைமை மோசமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

ஆயுள் காப்புறுதியில் ஆஸ்பத்திரிக் கொடுப்பனவு சேர்க்கப்பட்டிருந்தாலும், தனியார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மனநோய் விலக்குப் பட்டியலில் இருக்கும். முகவர் சொன்னதை விடுங்கள், ஒப்பந்தத்தை வாசியுங்கள். விலக்கு இல்லையென்றாலும், முன்பு சிகிச்சை பெற்றதை காப்புறுதி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தில் மறைத்திருந்தால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். இறுதிப் பதில் எழுத்தில் வந்தபின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் (ஒம்புட்ஸ்மன்) போகலாம், அதற்குக் கட்டணமில்லை.

அதிபர் விடயத்துக்கு வருவோம். அவர் உறுதிப்படுத்த வேண்டியது உங்கள் சேவையையும் சம்பள வெட்டையும்தான். மருத்துவக் கடதாசிகளைத் தனி உறையில் ஒட்டி "இரகசியம்" என்று எழுதி, அப்படியே அனுப்புமாறு முகப்புக் கடிதத்தில் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வாதாட வேண்டாம். அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது தள்ளிப்போனது. உறை பிரிந்தாலும், கணவருடைய நோயை வைத்து உங்கள் வேலையில் யாரும் கைவைக்க முடியாது.