மூன்றாவது முறை தேர்வுக்கு முன்னால் மகளின் நோட்டைத் திறந்து பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள், இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் எழுத வைப்பதா, வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டிச் சேர்த்துவிடுவதா என்பதுதான் அவர்கள் கேள்வி. "எப்படியாவது டாக்டர் ஆக்கிடு, கடனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். இரண்டு பேர் முகத்திலும் தூக்கமில்லை. முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பெண்ணிடம், "இந்த இரண்டு வருஷத்தில் எதைப் படிக்கும்போது நேரம் போனதே தெரியவில்லை?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்க பாக்டீரியா. செல் சுவரை மட்டும் இரண்டு விதமாகப் பெரிதாக்கி வரைந்திருந்தாள்: ஒன்றில் தடித்த சுவர், இன்னொன்றில் மெல்லிய சுவரும் அதற்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வும். ஓரத்தில் பென்சிலில், "மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே இல்லையே, அப்போ பென்சிலின் எதைத் தாக்கும்?" என்று எழுதியிருந்தது. எதையும் தாக்காது, பென்சிலின் சுவர் கட்டும் வேலையைத்தான் கெடுக்கும், சுவரே இல்லாத கிருமியிடம் அதற்கு வேலை இல்லை. இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கச் சொல்லவில்லை, அவளாகவே கேட்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டாக்டர் படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் "நோயாளிகளைப் பார்ப்பது உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிடிக்காத வேலைக்கு வீட்டை அடகு வைப்பது பாசத்தில் சேராது. அந்தக் கடனின் பாரம் அவள் தோளில்தான் ஏறும், வேலை பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வராது. பெரியப்பா ஒரு தவணைகூடக் கட்டப் போவதில்லை. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்ற வழக்கமான மாற்றுப் படிப்புகளை நீங்களே நாலு பேரிடம் கேட்டிருப்பீர்கள், அதை விடுங்கள். யாருமே சொல்லாத மருத்துவ நுண்ணுயிரியலைப் பற்றிப் பேசுவோம், நோய் தரும் கிருமிகளைக் கண்டுபிடிக்கும் படிப்பு அது. "லேப்ல உட்கார்ற வேலையா?" என்று முகம் சுளிக்க வேண்டாம், அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கடும் காய்ச்சலில் கிடக்கும் ஒருவரின் ரத்தம், கிருமி இருந்தால் வளரவைக்கும் கல்ச்சர் பாட்டிலில் இருக்கிறது. உள்ளே ஏதோ வளர்ந்துவிட்டது என்று கருவி காட்டுகிறது. அதிலிருந்து ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, லேசாகச் சூடு காட்டி ஒட்டவைப்பார்கள். அதன்மேல் ஊதா நிறக் கிரிஸ்டல் வயலட், பிறகு அயோடின், பிறகு சில நொடிகள் மட்டும் ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாஃப்ரனின். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய சுவர் உள்ளதில் ஆல்கஹால் வெளிச்சவ்வைக் கரைத்துவிடும், ஊதா கழுவிப் போய்விடும், அது இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆல்கஹாலைக் கொஞ்சம் அதிக நேரம் விட்டால் ஊதாவாக இருக்க வேண்டியதும் வெளுத்து, அறிக்கையே தப்பாகிவிடும், அவ்வளவு கை நிதானம் வேண்டும். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது இது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதில்தான் தொடங்குகிறார்கள். எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் ஊதா உருண்டைகள் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம் என்று உடனே வார்டுக்குப் போன் போகும், டாக்டர் அதை வைத்துத்தான் மருந்தை மாற்றுவார்.

அதோடு வேலை முடியவில்லை. கிருமியைத் தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைத்து, இரவு முழுக்க வளரவிட்டு, ஒவ்வொரு வில்லையையும் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று காலையில் அளப்பார்கள். வட்டமே இல்லையென்றால் அந்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில், இதைச் சரியாகப் படித்துச் சொல்லும் ஆளை நம்பித்தான் மருத்துவமனையே நடக்கிறது. தொற்றுத் தடுப்புப் பிரிவு, தடுப்பூசி, மருந்து ஆய்வு என்று கதவுகள் இன்னும் இருக்கின்றன.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் டாக்டர் அளவுக்கு வராது. இரவு ஷிஃப்ட் உண்டு. இளங்கலைப் பட்டத்தோடு நின்றால் வளர்ச்சி குறைவு, முதுகலை வரை போகத் தயாராக இருக்க வேண்டும். மருத்துவமனை லேபில் யார் வேலை பார்க்கலாம், அறிக்கையில் யார் கையெழுத்துப் போடலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, லேபில் வேலை பார்க்கத் தேவையான பதிவுக்கு இந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "நுண்ணுயிரியல்" என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு, மாணவர் கையில் ஸ்லைடே கொடுக்காத கல்லூரிகளும் இருக்கின்றன. லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எத்தனை பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப், எத்தனை மாதம் மருத்துவமனைப் பயிற்சி என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் குடும்பத்தை மூன்றாவது தேர்வுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். முதலில் ஒரு நாள், தெரிந்த மருத்துவமனை லேப் ஒன்றில் அனுமதி வாங்கி மகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைக்கச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பதில் சொல்லவில்லை, ஆனால் கிளம்பும்போது நோட்டை மகளிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.