ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அரசு இவ்வளவு செலவழிப்பது சரியா?

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு, அதாவது இதய ரத்தக் குழாயில் உள்ள அடைப்பை பலூனால் திறந்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைக்கும் சிகிச்சைக்குப் போகும் பணம் மக்களுக்குப் பயன்படுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயன்படுகிறது. ஆனால் யாருக்கு, எந்த நேரத்தில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மாரடைப்பில் இதய ரத்தக் குழாய் முழுசாக அடைத்துக்கொண்டவருக்கு உடனே செய்தால் உயிரே மிஞ்சும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பார்கள். வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது, மற்றபடி நிலையாக இருக்கிறார் என்பவர் கதை வேறு. அவருக்கு ஸ்டென்ட் வைத்தால் வலி குறையும். நல்ல மாத்திரையைவிட ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2007இல் கரேஜ் ஆய்வும், 2020இல் இஸ்கீமியா ஆய்வும் காட்டின. இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதானக் குழாயில் அடைப்பு போன்ற சில நிலைமைகள் மட்டும் விலக்கு.

2017இல் மத்திய அரசு விலைக்கு வரம்பு கட்டியதும், லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 30 ஆயிரத்துக்குள் வந்தது. பெரிய நிம்மதி அது. எங்களுக்கு இன்னும் குறையாதது தூரம். தருமபுரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள சேலம் 65 கிலோமீட்டர் இருக்கும், நடுவில் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் 108 வண்டியும் நிற்க வேண்டியதுதான். அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு (குழாய் அடைப்பைப் படம் பிடித்துப் பார்ப்பதற்கு) அனுப்பும் முறைக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். சில ரூபாய் மாத்திரைகள்தான். அதில் பிழைக்கும் உயிருக்கு விலை ஏது?

அப்புறம், யாரும் பேசாத செலவு ஒன்று. ஸ்டென்ட் வைத்து வந்தவர் பிளாஸ்டிக் கவரில் மடித்த டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "பத்து நாளைக்கு மட்டும் குடுங்கண்ணா, மாங்காய் காசு வந்ததும் மீதியை வாங்கிக்கறேன்" என்பார். ரத்தம் உறையாமல் காக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தினால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். அரசு கொடுத்த பணம் மொத்தமும் அந்த இடைவெளியில் போய்விடும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு இவர்களுடைய மாத்திரையும் விடாமல் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால், கையில் காசில்லை என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். சம்மரியை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே இலவசமாகவே கேட்டு வாங்கலாம்.