கடலோர இறால் பண்ணைச் சட்டத்தை 2023இல் திருத்தியதில் அரசின் பிடி இறுகியதா, தளர்ந்ததா?

தளர்ந்தது என்றுதான் சொல்வேன். வயலும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலிருந்து பண்ணைகளைக் காப்பாற்ற வந்ததுதான் இந்த 2005 சட்டம் (பண்ணைகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும், சென்னையில் இருக்கும் ஆணையம் அதில் பிறந்தது). அதிலும் பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்ற பயம் இருந்தது. திருத்தம் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் வழிவிட்டது. இறால் குளங்களில் ஆன்டிபயாட்டிக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியது நல்ல காரியம். விவாதமா? ஆகஸ்டில் மணிப்பூர் வன்முறை குறித்த அமளிக்கு நடுவே மக்களவையில் மசோதா நிறைவேறிவிட்டது.