மாத்திரைக்கு முன்னால் ரத்தம்

மன்னார்குடியிலிருந்து எழுதிய வாசகருக்கு: உங்கள் நாயின் மூக்கு காய்வதையும் அது காலையில் புல் தின்பதையும் பற்றிய கவலையை விடுங்கள். பல்லில் கறை இருந்தால் சுத்தம் செய்யலாம். ஆனால் பல் கிருமி இதயத்தில் ஏறிவிடும் என்று செல்போனில் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாய்களில் அந்தத் தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை.

என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ஆறு வயது லாப்ரடாருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. போன வாரம் பின்னங்கால் நொண்டியது, இப்போது முன்னங்கால். இது சுளுக்கில்லை, எண்ணெய் தேய்க்க வேண்டாம். நம் பக்கம் இப்படி வந்தால் முதல் சந்தேகம் உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சல்தான். இதய வால்வில் பாக்டீரியா தொற்றுவது அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் நடுத்தர, பெரிய இன நாய்களுக்குத்தான் வரும். அதுவும் இதே முகத்தோடுதான் வரும்.

இரண்டையும் பிரித்தறிய முதலில் உதவுவது மருத்துவரின் ஸ்டெதஸ்கோப். முன்பு இல்லாத முணுமுணுப்பு இதயத்தில் புதிதாகக் கேட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும்; வால்வில் ஒட்டியிருக்கும் கிருமித் திரள் அதில் தெரியலாம். கூடவே ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. வெவ்வேறு ரத்தக் குழாய்களிலிருந்து, இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறை, சுத்தமாக எடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் பார்ப்பார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம். வீட்டில் மீந்திருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் நிறுத்தினீர்களாம். அரைகுறை மாத்திரையில் கிருமி சாகாது, பதுங்கும். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், ரிப்போர்ட் நன்றாக இருக்கும், உள்ளே கிருமி வால்வை அரித்துக்கொண்டிருக்கும். நிஜமாகவே அந்தத் தொற்று என்றால் மருந்து இரண்டு நாள் கணக்கில்லை, வாரக்கணக்கு. ஆறு முதல் எட்டு வாரம் சாதாரணம். வலிக்கு மனிதர் மாத்திரையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காதைத் தொட்டுப் பார்ப்பது காய்ச்சல் பார்ப்பதாகாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் தேதியோடு குறித்துவையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எந்த நாள் என்பதையும் ஒளிக்காமல் எழுதி நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. எக்கோ, கல்ச்சர் வசதியைப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலோ மயங்கி விழுந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.